வேலாங்குப்பத்தின் மதிப்பெண்

"கடந்த இரண்டு வாரங்களில், காலநிலை மாற்றத்தைப் பற்றிய எண்ணங்கள் உங்கள் உறக்கத்தைக் கெடுத்தனவா?" மேகலா கையிலிருந்த திரையைப் பார்த்து வாசித்தாள். "ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, எப்போதும். இதுல எது, அக்கா?"

அஞ்சலாட்சி அன்னக்கூடையில் சங்கரா மீனை ஒரு வரிசை அடுக்கி, மேலே ஐஸைத் தூவிக்கொண்டிருந்தாள். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் மார்க்கெட்டில் இடம் கிடைக்கும். இடது மணிக்கட்டில் மேகலா மாட்டிவிட்ட உணர்கருவி வெயிலில் மின்னியது.

"ஒருபோதும் இல்ல."

"நல்லாத் தூங்குறீங்களா?"

"தூக்கமா? எங்கேருந்து வரும்? ராத்திரி ரெண்டு மூணு தடவ எந்திரிச்சுப் போயி பாத்துட்டு வர்றேன்."

"எதப் பாக்க?"

"கடலு எங்க நிக்கிதுன்னு."

மேகலா திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப தூக்கம் கெடுதுன்னுதானே அர்த்தம்?"

"எண்ணத்தால கெடுதான்னு கேட்ட. எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். அது வந்துக்கிட்டு இருக்கு. நான் போயி பாக்குறேன்." அஞ்சலாட்சி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். "காலநிலைன்னா மழைதானே? மழ பெஞ்சா நல்லாத் தூக்கம் வரும். சீக்கிரம் கேளு, பஸ்ஸு வந்துடும்."

இருபத்திரண்டு கேள்விகளுக்கும் பதில் வாங்கி முடித்தபோது திரையில் எண் வந்தது. நூற்றுக்குப் பதினாறு. அதற்குக் கீழே பச்சை எழுத்தில், 'சூழலுக்கு நன்கு பொருந்திய மனநிலை'.

கடலூருக்குத் தெற்கே இருந்த வேலாங்குப்பத்தில் அப்போது இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. ஐந்து வருடத்தில் மூன்று தெருக்களைக் கடல் தின்றிருந்தது. மாரியம்மன் கோவில் மணலில் பாதி புதைந்து, கோபுரத்தின் மேல் பாதி மட்டும் வெளியே நின்றது. அஞ்சலாட்சியின் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே எழுபது அடி இருந்தால் அதிகம். கணவர் மஞ்சள்காமாலையில் போய் ஒன்பது வருடமாகியிருந்தது. பதினாறு வயது மகள் செவ்வந்தியும் அவளும்தான் வீட்டில்.

மேகலா காலநிலை மனநல ஆணையத்தில் அளவையாளராக இருந்தாள். மனதில் இருப்பதை எண்ணாக மாற்றுவதுதான் அவள் படித்த படிப்பு. கடல் எத்தனை அங்குலம் ஏறியது என்று நிபுணர்கள் நீதிமன்றத்தில் வருடக்கணக்காகச் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சட்டம் வந்திருந்தது. கடலை அளக்க வேண்டாம், மக்கள் படும் வேதனையை அளந்துகொள்ளலாம் என்றது சட்டம். ஓர் ஊரின் சராசரி அச்ச மதிப்பெண் அறுபதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்குள் அரசு நிவாரணம் தந்தே ஆகவேண்டும். மேகலாவுக்கு அந்தச் சட்டத்தின் மேல் உண்மையான நம்பிக்கை இருந்தது. முதல் தடவையாக, ஏழை சொல்லும் வார்த்தைக்கு எடை வந்திருக்கிறது என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள்.

வேலாங்குப்பத்தின் சராசரி பத்தொன்பது. அதே மாதம், கடலிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே, சென்னையில் நீச்சல்குளம் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுபத்து நான்கு வாங்கியது. அவர்களுக்கு மழைநீர் வடிகால் போட ஆணை பிறந்தது.

"தப்பு ஊர்ல இல்ல சார், கேள்வியில இருக்கு," என்று மேகலா இயக்குநர் கோதண்டத்தின் மேசைக்கு முன் நின்று சொன்னாள். "வெளிநாட்டுல எழுதின கேள்விய அப்படியே தமிழ்ல மாத்தி வச்சிருக்கோம். 'எதிர்காலம் குறித்த நம்பிக்கையின்மை'ன்னு கேட்டா அவங்களுக்கு என்ன புரியும்? அந்தம்மா ராத்திரி மூணு தடவ எந்திரிச்சுப் போயி கடலப் பாக்குறாங்க. நம்ம கேள்விக்கு அவங்க சொல்ற பதில் 'ஒருபோதும் இல்லை'."

கோதண்டம் ஐம்பத்தைந்து வயதுக்காரர். கத்திப் பேசி யாரும் பார்த்ததில்லை. கீழே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்பது வரை நினைவு வைத்திருப்பார். "அப்ப நீங்களே எழுதுங்க," என்றார். "ரெண்டு மாசம் எடுத்துக்கங்க."

மேகலா கடலூரில் அறை எடுத்துத் தங்கி, ஆறு வாரம் தினமும் குப்பத்துக்குப் போனாள். அவள் வாழ்க்கையில் செய்த வேலையிலேயே சிறந்த வேலை அதுதான். கேள்வி எதையும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். வலை பிரிக்கும் இடத்தில், குழாயடியில், ரேஷன் கடையில். அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார வைத்து மீன் குழம்பும் சோறும் போட்டாள். செவ்வந்தி ப்ளஸ் ஒன் உயிரியல் புத்தகத்தைக் கொண்டுவந்து சந்தேகம் கேட்டாள். எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசுகிற பெண்.

"நீங்க எழுதிக்கிட்டுப் போயி யாருகிட்ட குடுப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கவர்ன்மெண்டுகிட்ட."

"அவங்களுக்கு எங்க ஊரு எங்க இருக்குன்னு தெரியாதா? மேப்புல பாத்தாலே தெரியுமே, கடலு கரைய அறுத்திருக்கிறது."

"மேப்ப யாரும் நம்பல செவ்வந்தி. நம்பர நம்புறாங்க."

"சரி, பெரிய நம்பரா போடுங்க," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

புதிய படிவத்தில் முப்பது கேள்விகள். காத்து கடல் பக்கத்துக் கொண்டலுக்குத் திரும்பினால் வயிற்றில் என்னமோ பண்ணுகிறதா? ரேஷன் கார்டு, ஆதார், நகை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசல் பக்கம் வைத்திருக்கிறீர்களா? வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே காலடி வைத்து அளந்து பார்க்கிறீர்களா? அலைச் சத்தம் திடீரென்று நின்றுபோனால் சத்தம் வருவதைவிட அதிகம் பயமாக இருக்கிறதா? பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது நிம்மதியாகவும், வீட்டில் இருக்கும்போது கலக்கமாகவும் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அஞ்சலாட்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எப்படி இதெல்லாம் கண்டுபுடிச்ச?" என்றாள். அன்றிலிருந்து மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

ஊரின் புதிய சராசரி எண்பத்தெட்டு. மாநிலத்திலேயே அதிகம்.

*

எண்பத்தெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேகலா சென்னைக்குப் போன நாளில், கோதண்டம் அவளுக்காக ஸ்வீட் வாங்கி வைத்திருந்தார். மூன்றாவது கேசரி ஸ்பூனில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"நிவாரணம்னா சுவரா, இடமாற்றமா சார்? ஊர்க்காரங்க கேக்குறாங்க. ரோட்டுக்கு மேற்க புறம்போக்கு நிலம் இருக்கு. அங்க போக எல்லாரும் தயார்."

"சட்டத்த முழுசா படிச்சீங்களா மேகலா? பிரிவு ஒன்பது. அச்சத்துக்கான காரணத்தக் குறைக்கலாம், இல்ல அச்சத்தக் குறைக்கலாம். ரெண்டுல எது விரைவா முடியுமோ அது." அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து வைத்தார். கைக்கடிகார வார் மாதிரி, சாம்பல் நிறம். "தணிப்புப் பட்டை. பயம் கிளம்புறப்ப நாடித்துடிப்பு, வேர்வ எல்லாத்துலயும் ஒரு மாற்றம் வரும். இது அத உடனே கண்டுபுடிச்சு மணிக்கட்டு நரம்பு வழியா மூளைக்கு ஒரு சின்ன சிக்னல் அனுப்பும். அவ்வளவுதான். பயம் எழுந்திருக்கும்போதே உக்காந்துடும். மருந்து கிடையாது, மயக்கம் கிடையாது."

"எல்லாப் பயத்தையும் எடுத்துட்டா மனுஷன் ரோட்டக் கூடத் தாண்ட முடியாதே சார்."

"அதேதான். அதுதான் இத்தன நாளா பிரச்சன. எந்தப் பயத்தத் தணிக்கணும்னு பட்டைக்குத் தெரியாது. பழைய கேள்விங்கள வச்சு சொல்லிக் குடுத்தா அதுக்கு ஒண்ணும் புரியல, ஏன்னா அந்தக் கேள்விக்கு யாரும் பயப்படவே இல்ல." அவர் முகத்தில் உண்மையான பாராட்டு இருந்தது. "உங்க முப்பது கேள்வியக் கேக்கும்போது ஒவ்வொருத்தர் உடம்பும் என்ன பண்ணிச்சுன்னு கருவி பதிஞ்சு வச்சிருக்கு. கொண்டல் காத்துக்கு ஒரு துடிப்பு, அலைச் சத்தத்துக்கு ஒரு துடிப்பு. கடல் பயம் எது, மத்த பயம் எதுன்னு பட்டைக்கு இப்ப துல்லியமாத் தெரியும். நீங்க இல்லாம இது நடந்திருக்காது."

மேகலா கேசரியைத் தள்ளி வைத்தாள். "சார், அவங்க பயப்படுறது வியாதி இல்ல. கடல் எழுபது அடியில இருக்கு."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா சுவருக்கு எட்டு வருஷம். நிலத்துக்கு கோர்ட்ல கேஸ். பட்டைக்கு ஆறு வாரம். அதுவரைக்கும் அந்தம்மா ராத்திரி மூணு தடவ எந்திரிச்சுக்கிட்டே இருக்கட்டும்னு சொல்றீங்களா?"

குப்பத்தில் போய்ச் சொன்னால் அவர்கள் வேண்டாம் என்பார்கள், அதை எழுதிக்கொண்டு வந்து சண்டை போடலாம் என்று நினைத்துத்தான் மேகலா அங்கே போனாள். அஞ்சலாட்சி பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதப் போட்டா தூக்கம் வருமா?"

"வரும்க்கா. ஆனா கடல் அங்கேயேதான் இருக்கும்."

"கடலு அங்கதான் இருக்கும். நான் பொறந்ததுலேருந்து அங்கதானே இருக்கு." அவள் கண்ணுக்குக் கீழே கருமை அப்பியிருந்தது. "ஒம்போது வருஷமா நான் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கல பாப்பா. போட்டுவிடு."

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பட்டை கிடையாது என்பது விதி. மூளை வளர்கிற வயது என்று மருத்துவக் குழு சொல்லியிருந்தது. செவ்வந்தி வாசற்படியில் நின்று அம்மாவின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மூன்றாவது மாதம் மேகலா மறுமதிப்பீட்டுக்குப் போனபோது ஊரே மாறியிருந்தது. ஆண்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் குழாயடியில் சிரித்தார்கள். அஞ்சலாட்சி கன்னத்தில் சதை பிடித்து, பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். வீட்டுக்குப் பின்பக்கம், கடலைப் பார்த்த பக்கத்தில், புதிதாக ஒரு சமையல்கட்டு கட்டத் தொடங்கியிருந்தாள்.

"இங்கயா கட்டுறீங்க?"

"காத்து நல்லா வருதே."

"கடைசியா எப்பக்கா கடல் எங்க நிக்குதுன்னு போயி பாத்தீங்க?"

அஞ்சலாட்சி யோசித்தாள். "ஞாபகம் இல்ல," என்று சொல்லிச் சிரித்தாள்.

சாயங்காலம் படகுகள் கரையேறியபோது மேகலா கவனித்தாள். முன்பெல்லாம் எல்லாரும் சேர்ந்து படகை ரோடு வரைக்கும் இழுத்துப் போடுவார்கள். இப்போது ஈர மணலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். செவ்வந்தி அவளுடன் பஸ் நிறுத்தம் வரை வந்தாள்.

"எங்கம்மாவுக்கு என்ன பண்ணீங்க?"

"ஏன்? நல்லாத்தானே இருக்காங்க."

"நல்லாத்தான் இருக்கு. சிரிச்சிக்கிட்டே இருக்கு. போன வாரம் தண்ணி வாசல் வரைக்கும் வந்துச்சு. தொடப்பத்த எடுத்துத் தள்ளிவிட்டுட்டு டீ போடப் போயிடுச்சு. எங்க கிளாஸ்ல எல்லாப் புள்ளைங்களும் இதையேதான் சொல்லுதுங்க. இப்ப நாங்கதான் ராத்திரியில முறை வச்சு முழிச்சிருக்கோம்." பஸ் வந்தது. "ஒருநாள் மட்டும் அதக் கழட்டிவிடுங்களேன்."

"நான் பேசுறேன் செவ்வந்தி."

பேசினாள். ஊரின் மதிப்பெண் பதினான்குக்கு இறங்கியிருப்பதைக் கோதண்டம் திரையில் காட்டினார். அவள் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிக் கோப்பில் சேர்த்தாள். குறிப்பு மருத்துவக் குழுவுக்குப் போனது. அதற்குள் பெங்களூர் மாநாட்டில் வேலாங்குப்பத்து முடிவுகளைப் படிக்கும்படி அவளுக்கு அழைப்பு வந்தது. மறுக்கலாம் என்று இரண்டு நாள் நினைத்தாள். அங்கே வைத்தே சந்தேகங்களையும் சொல்லிவிடலாம் என்று பிறகு நினைத்தாள். பேச்சின் கடைசியில் ஒரு நிமிடம் அதற்கென்று ஒதுக்கியிருந்தாள்.

புயல் கரையைக் கடந்தது அவள் மேடையில் இருந்த காலையில்தான்.

எச்சரிக்கை வராமல் இல்லை. இரண்டு நாளாக எல்லார் போனிலும் வந்தது. ஒலிபெருக்கி வண்டி வந்தது. மேடான இடத்தில் இருந்த மேல்நிலைப் பள்ளிக்கு ஆட்களை ஏற்றிப்போகப் பதினோரு பஸ் வந்து நின்றது. வேலாங்குப்பத்துக்காரர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். நன்றாகப் புரிந்தும் கொண்டார்கள். போகலாம், சோறு வடித்துவிட்டுப் போகலாம் என்றார்கள். வலையை மடித்து வைத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். காத்திருந்து காத்திருந்து, எட்டரை மணிக்கு ஐந்து பஸ்கள் பெரும்பாலும் பிள்ளைகளோடு கிளம்பின. மிச்சம் ஆறு காலியாகப் போயின. ஒன்பதேகாலுக்குத் தண்ணீர் வந்தது.

முப்பத்தொன்பது பேர். அதில் பதினோரு பேர், பள்ளியில் பத்திரமாக இறங்கிய பிறகு அப்பா அம்மாவைக் கூட்டிவரத் திரும்பி ஓடிய பிள்ளைகள்.

*

நான்காம் நாள் மதியம் மேகலா அந்தப் பள்ளிக்குப் போனாள். பேரிடருக்குப் பின் ஏழு நாட்களுக்குள் மறு அளவீடு எடுக்கவேண்டும் என்ற உத்தரவு அவள் பையில் இருந்தது. பத்தாம் வகுப்பு அறையில் நாற்பது பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நிவாரண முகாம்களை அவள் பார்த்திருக்கிறாள். அங்கே ஓர் அழுகைச் சத்தம் எப்போதும் இருக்கும். இங்கே அது இல்லை. ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரோ யாருக்கோ ஊறுகாய் நகர்த்தினார்கள்.

அஞ்சலாட்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் தையல். மேகலாவைக் கண்டதும், "வாம்மா, சாப்ட்டியா?" என்றாள்.

மேகலா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செவ்வந்தி பள்ளிக்கூடத்துக்குப் போயிடுச்சு," என்று அஞ்சலாட்சி சொன்னாள். பக்கத்து வீட்டுச் செய்தி சொல்கிற குரல். "அப்புறம் திரும்பி வந்துச்சு. வாம்மா வாம்மான்னு கையப் புடிச்சு இழுத்துச்சு. அழுவுது, காலுல விழுது. நான், இரு, கொழம்பு கொதி வரட்டும், இறக்கி வச்சிட்டு வர்றேன்னு சொன்னேன். அது என்ன விட்டுட்டுப் போவல. அடுப்புகிட்டயே நின்னுச்சு." நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்தாள். "நான் கூரையப் புடிச்சிக்கிட்டேன். அதுக்கு எட்டல."

மணிக்கட்டில் பட்டை ஒரு சிறு பச்சைப் புள்ளியாக மின்னி மின்னி அணைந்தது.

"பாப்பா, ஒண்ணு கேக்குறேன். எனக்கு ஏன் அழுவ வரல?"

மேகலா பட்டையைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னாள். "அதுக்குக் கடல் பயம் மட்டும்தான்க்கா தெரியும். செவ்வந்திய நெனைக்கும்போதெல்லாம் கூடவே கடலும் வருதில்ல, அதனால பயம்னு நெனச்சு அமுக்கிடுது."

"கழட்டுனா?"

"நாலு நாளா வராதது எல்லாம் மொத்தமா வரும். தாங்க முடியாதுக்கா. டாக்டர வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா..."

"எம்பொண்ணுக்கு வரவேண்டியது. வரட்டும்."

கொக்கியை அவளே கழற்றினாள். பட்டையை மேகலா கையில் கொடுத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் வலது கை எதையோ பிடிக்க முன்னால் நீண்டது. யாருடைய கையையோ பிடித்து மேலே இழுப்பது போல. அந்த வாயிலிருந்து வந்த ஓசையை அதற்கு முன் மேகலா எந்த மனிதரிடமிருந்தும் கேட்டதில்லை.

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் இரண்டு பையன்களையும் இழந்த ஒரு பெண் எழுந்து வந்து, கீழே விழுந்து புரளும் அஞ்சலாட்சியின் தோளைத் தட்டி, இதமாகச் சொன்னாள். "ஏன்க்கா இப்படி? பட்டையப் போட்டுக்கயேன்."

வேலாங்குப்பத்தின் பேரிடருக்குப் பிந்தைய சராசரி பதினொன்று. பட்டையைக் கழற்றியவர் 'திட்டத்திலிருந்து விலகியவர்' என்பதால் சராசரியில் சேரவில்லை. இவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகும் மக்கள் நிலைகுலையவில்லை என்று அறிக்கை வந்தது. திட்டம் அடுத்த நிதியாண்டில் கடற்கரை மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் விரிவாகும் என்றும் அதில் இருந்தது.

*

பதினோரு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கடலூரில் விசாரணை நடந்தது. மேகலா வேலையை விட்டுவிட்டு, அஞ்சலாட்சியோடு சாட்சி சொல்ல வந்திருந்தாள். அந்தப் பதினோரு வாரத்தில் அவள் எட்டு கிலோ இளைத்திருந்தாள். கண்ணை மூடினால் ஓர் அடுப்பு தெரிந்தது, அதன் பக்கத்தில் நிற்கிற பெண் தெரிந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்கியதில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளியில் விழும் சத்தம் தாங்காமல் வெளியே ஓடிவந்திருக்கிறாள்.

கோதண்டம் முதலில் பேசினார். தெளிவாக, வருத்தத்துடன், எண்களுடன். ஊர்க்காரர்கள் இருபது பேர் வரிசையாக வந்து சொன்னார்கள். பட்டையால் எந்தத் தொந்தரவும் இல்லை. நல்லாத்தான் இருக்கு. எச்சரிக்கை வந்தது, நாங்கதான் கிளம்பல.

சாட்சிகளின் மனநிலையை அளந்த பிறகே வாக்குமூலத்தை எடுத்துக்கொள்வது என்று விசாரணைக் குழு விதி வைத்திருந்தது. பக்கத்து அறையில் ஓர் இளம்பெண் மேகலாவுக்கு உணர்கருவியை மாட்டிவிட்டு, திரையைப் பார்த்து வாசித்தாள். காத்து கொண்டலுக்குத் திரும்பினால் வயிற்றில் என்னமோ பண்ணுகிறதா? அலைச் சத்தம் திடீரென்று நின்றுபோனால்? தான் எழுதிய முப்பது கேள்விகளுக்கும் மேகலா உண்மையான பதிலைச் சொன்னாள்.

பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினாள். ஒன்றையும் விடவில்லை. படகுகளை ஈர மணலில் விட்டது, சமையல்கட்டு, செவ்வந்தி பஸ் நிறுத்தத்தில் கேட்டது, தான் எழுதிய குறிப்பு, பெங்களூர். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். பிறகு முன்னால் இருந்த தாளைப் பார்த்தார்.

"உங்க மதிப்பெண் எண்பத்தொண்ணும்மா. அறுபதுக்கு மேல இருந்தா வாக்குமூலத்த ஆதாரமா எடுக்க முடியாது. நோய்க்குறியாத்தான் பதிவு செய்யணும்." அவர் குரலில் கனிவு இருந்தது. "அந்த அம்மாவுக்கும் அதேதான். தொண்ணூத்தாறு. ரெண்டு பேரும் உடம்பப் பாத்துக்கங்க."

வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். ஓர் எழுத்தர் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். "அறுபதுக்கு மேல வந்தா உடனே குடுத்துடணும்னு ரூல் மேடம். காலைல நீங்க சொன்ன பதில் எல்லாம் இதுல ஏத்தியாச்சு. அப்படியே கட்டிக்கலாம்."

"எனக்கு வேணாம்னு எழுதிக்க," என்றாள் அஞ்சலாட்சி.

மேகலா கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம் என்று அஞ்சலாட்சியிடம் சொன்னாள். மேல்முறையீடு செய்யலாம், பத்திரிகைக்குப் போகலாம் என்றும் சொன்னாள். அஞ்சலாட்சி தலையை ஆட்டினாள்.

முகாம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்று மேகலாவும் அதே டவுன் பஸ்ஸில் ஏறினாள். பஸ் கடற்கரைச் சாலையில் திரும்பியது. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. மேகலாவுக்கு மூச்சு முட்டியது. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள், அடுப்பு தெரிந்தது. கண்ணைத் திறந்தாள்.

பைக்குள் கைவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போட்டுக்க," என்றாள் அஞ்சலாட்சி. "உனக்கு இன்னும் வயசு இருக்கு."

கொக்கி விழுந்தது. நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். மூச்சு சீரானது.

அஞ்சலாட்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சின்ன வயதில் செவ்வந்திக்குக் காது குத்தும்போது ஊரே கேட்கும்படி அழுததையும், ஆசாரியின் கையைக் கடித்துவைத்ததையும் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்து உடைந்து வந்தது. மேகலா கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பெண்ணாகத்தான் இருந்திருக்கிறாள் என்று நினைத்தாள். கடலிலிருந்து காற்று சுகமாக வந்தது. ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும்படி அஞ்சலாட்சியிடம் சொன்னாள்.